குழந்தையின் மண்டையோட்டுப் பொருத்து முன்கூட்டியே மூடிக்கொண்டால்: கண்டுபிடிப்பது முதல் ஆபரேஷன், தொடர் கவனிப்பு வரை முழுமையான வழிகாட்டி

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்களின் கைக்குத்தான் இது முதலில் தட்டுப்படும். உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக எலும்பு ஒரு வரப்பு மாதிரி மேடிட்டிருக்கும். அல்லது நெற்றியின் நடுப்பகுதி படகின் முன்முனை போலக் கூர்ந்திருக்கும். "பிரசவத்தில் அழுந்தியிருக்கும், எண்ணெய் தேய்த்து உருட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பிரசவத்தில் அழுந்திய தலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆறு வாரம் கழித்தும் மேடு குறையாமல், தலை ஒரே திசையில் நீண்டுகொண்டே போனால் அது வேறு விஷயம்: மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பொருத்து என்ற இடைவெளி முன்கூட்டியே எலும்பாகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒட்டிக்கொண்ட எலும்பு எத்தனை உருட்டினாலும் பிரியாது. உருட்டிப் பார்க்கிறோம் என்று காத்திருப்பதில் வீணாவது நாட்கள். இந்த நோயில் நாட்களுக்குத்தான் மதிப்பு: மூன்று மாதத்தில் வரும் குழந்தைக்குச் செய்யக்கூடிய ஆபரேஷன் வேறு, பத்து மாதத்தில் வரும் குழந்தைக்குச் செய்வது வேறு.

சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. மருத்துவப் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ். தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ, பார்த்ததாலோ, கிரகணத்தாலோ வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகளில் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது. சிலரில் மரபணு மாற்றம் இருக்கும். கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளில் நெற்றிப் பொருத்து மூடிக்கொள்வது கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்காக அந்த மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

பொருத்து மூடினால் தலை ஏன் கோணுகிறது

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. தட்டுகளாக இருக்கும் எலும்புகளுக்கு நடுவே நார்த்திசு ஓடுகிறது. அந்த இடைவெளியைத்தான் பொருத்து என்கிறோம், டாக்டர்கள் சூச்சர் என்பார்கள். மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, பொருத்தின் இரு கரைகளிலும் புது எலும்பு சேர்கிறது. பிறக்கும்போது 34, 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு அரை செ.மீ. என்று ஏறி, ஒரு வயதில் ஏறக்குறைய 46 செ.மீ. ஆகிறது. ஒரு பொருத்து இதற்கு நடுவில் எலும்பாகிவிட்டால், அதற்குக் குறுக்கான திசையில் தலை விரிய முடியாது. வளர்ச்சி நிற்காது என்பதால், திறந்திருக்கும் மற்றப் பொருத்துகள் வழியே தலை பிதுங்கும். இந்த விதியை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1851இலேயே எழுதிவைத்தார். அது தெரிந்தால் தலையின் வடிவத்தை வைத்தே எந்தப் பொருத்து மூடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

உச்சந்தலையில் முன்பின்னாக ஓடும் சாஜிட்டல் பொருத்து மூடினால் தலை அகலம் குறைந்து, படகு போல நீளும். நெற்றி முன்னாலும் பிடரி பின்னாலும் துருத்தும். மிக அதிகமாக வருவது இதுதான், எல்லா நோயாளிகளிலும் பாதிக்கு நெருங்கும். ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாக வருகிறது. நெற்றி நடுவில் இருக்கும் மெட்டோபிக் பொருத்து மூடினால், மேலிருந்து பார்க்கும்போது நெற்றி முக்கோணமாகத் தெரியும், கண்கள் நெருங்கியிருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பொருத்து இயல்பாகவே 3 முதல் 9 மாதத்துக்குள் மூடக்கூடியது. மூடும்போது சில குழந்தைகளின் நெற்றியில் மெல்லிய வரப்பு தெரியும். முக்கோணம் இல்லாமல் வரப்பு மட்டும் இருந்தால் ஆபரேஷன் தேவையில்லை.

காதுக்கு மேலே இருந்து உச்சிக்குழி வரை ஏறும் கரோனல் பொருத்து ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, புருவமும் கண்குழியும் மேலே இழுபடும், மூக்கின் வேர் அந்தப் பக்கமே திரும்பும். இரு பக்கமும் மூடினால் தலை முன்பின் குறுகி, உயரமாகவும் அகலமாகவும் ஆகும். பிடரியில் இருக்கும் லாம்ப்டாய்ட் பொருத்து மூடுவது மிக அரிது, நூற்றில் ஓரிருவர்.

முதல் படி: படுத்ததால் தட்டையானதா, பொருத்து மூடியதா

தலை கோணலாக இருக்கிறது என்று கொண்டுவரப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. ஒரே பக்கமாகப் படுத்ததால் பிடரி தட்டையானவர்கள் அவர்கள். தூக்கத்தில் வரும் திடீர் மரணத்தைத் தவிர்க்கக் குழந்தையை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது. அந்த அறிவுரை எத்தனையோ உயிர்களைக் காத்தது. கூடவே தட்டைத் தலையும் பெருகியது. அதற்குப் பயந்து குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள்.

பிரித்தறிய முக்கியமான பார்வைக்கோணம் இது: குழந்தையை மடியில் நேராக உட்காரவைத்து, தலைமுடியை ஈரமாக்கி அழுத்தி, உச்சிக்கு நேர் மேலிருந்து பாருங்கள். படுத்ததால் வந்தது என்றால் தலை சாய்ந்த இணைகரம் போல இருக்கும்: ஒரு பக்கப் பிடரி தட்டை, அதே பக்கக் காது முன்னால் தள்ளியிருக்கும், அதே பக்க நெற்றியும் முன்னால் வந்திருக்கும். ஒரு பக்கமாக முழுத் தலையையும் முன்னே நகர்த்தியது போலத் தோன்றும். லாம்ப்டாய்ட் மூடியிருந்தால் காது பொதுவாகப் பின்னாலோ கீழேயோ இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னே எலும்பு முண்டு போலப் புடைக்கும், பின்னாலிருந்து பார்த்தால் மண்டையின் அடித்தளமே சாய்ந்திருக்கும். முன்பக்கம் தட்டையாக இருந்தால் அது படுத்ததால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு.

இன்னும் இரண்டு குறிப்புகள் உதவும். படுத்ததால் வரும் தட்டை பிறக்கும்போது இருக்காது, ஓரிரு மாதத்தில் தோன்றும், குழந்தை உட்காரத் தொடங்கியதும் குறையும். பொருத்து மூடியது பிறந்த நாள் முதலே இருக்கும், வளர வளரக் கூடும். பிறந்த அன்று எடுத்த போட்டோக்களைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

படுத்ததால் வந்தது என்றால்: விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு குப்புறப் போடுவது (சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது), தொட்டிலில் தலைமாட்டை மாற்றுவது, பால் கொடுக்கும் பக்கத்தை மாற்றுவது. கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தால் பிசியோதெரபி அவசியம். அதைச் சரிசெய்யாமல் மற்றதெல்லாம் பலன் தராது. இந்த வகைக்கு, தலையின் வடிவத்தைத் திருத்த அளவெடுத்துச் செய்யும் ஹெல்மெட் மாட்டுவதில் கருத்து வேறுபாடு உண்டு. 2014இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், ஹெல்மெட் போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உச்சிக்குழியை வைத்து முடிவெடுக்காதீர்கள். "உச்சிக்குழி திறந்துதானே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு. சாஜிட்டல் பொருத்து முழுதாக மூடியிருந்தாலும் உச்சிக்குழி திறந்திருக்கலாம். தலைச்சுற்றளவும் ஏமாற்றும். நீண்ட தலையின் சுற்றளவு இயல்பாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். அளக்க வேண்டியது அகலமும் நீளமும். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 75 முதல் 85 வரை வருவது வழக்கமானது. அகலம் 10 செ.மீ., நீளம் 15 செ.மீ. என்றால் 67, இது படகுத்தலை.

தலை சிறுத்திருந்தால் முதலில் மூளையைக் கேளுங்கள்

மூளை வளராததால் மண்டை சிறுத்து, தள்ளுவதற்கு ஆளில்லாமல் பொருத்துகள் மூடிக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு எலும்பைத் திறப்பதால் எந்தப் பயனும் இல்லை. 1890இல் பாரிஸில் லானலோங் என்ற டாக்டரும், 1892இல் சான் பிரான்சிஸ்கோவில் லேன் என்ற டாக்டரும் பொருத்தை வெட்டித் திறக்கும் ஆபரேஷன்களை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஆபரேஷன் செய்யப்பட்ட குழந்தைகளில் பலர் சிறுதலைக்காரர்கள், பலர் இறந்துபோனார்கள். 1894இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆபிரகாம் ஜகோபி அதைக் கடுமையாகக் கண்டித்த பின் இந்தச் சிகிச்சையே பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. பிரித்தறியாமல் கத்தி எடுத்ததன் விலை அது. இன்றும் இதுவே விதி: எல்லாப் பொருத்தும் மூடி, தலையும் சிறுத்து, வளர்ச்சிப் படிகளும் தாமதமாக இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. மற்றும் நரம்பியல் பரிசோதனை. கூடவே ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகும் நோய்), தைராய்டு மிகைப்பு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும். இரண்டும் பொருத்துகளை முன்கூட்டியே மூடவைக்கக்கூடியவை.

பரிசோதனைகள்

அனுபவமுள்ள கண்ணுக்கு வடிவமே பாதி நோயறிதல். சாதாரண எக்ஸ்ரேயில் சில பொருத்துகள் தெளிவாகத் தெரியாது. கைக்குழந்தைகளில் பொருத்தைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் நல்ல வழி, கதிர்வீச்சு இல்லை. ஆனால் அதில் பழகியவர் செய்ய வேண்டும். முடிவாக உறுதிப்படுத்துவது முப்பரிமாணப் படத்துடன் கூடிய சி.டி. ஸ்கேன். குழந்தைக்கான குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்து, பிறகு அவர் கேட்கும் விதத்தில் மறுபடி எடுப்பது வீண் கதிர்வீச்சு. பால் கொடுத்துச் சுற்றிக் கட்டித் தூங்கவைத்தே பல கைக்குழந்தைகளுக்கு மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் எடுத்துவிடலாம்.

கண் டாக்டரிடம் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். உள்ளழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் முனை வீங்கும். ஆனால் சின்னக் குழந்தைகளில் வீக்கம் இல்லாததால் அழுத்தமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

விரல்களையும் கால்விரல்களையும் பாருங்கள். விரல்கள் ஒட்டியிருந்தால் ஏபர்ட், கட்டைவிரலும் கால் பெருவிரலும் அகன்றிருந்தால் ஃபைஃபர், கைகால் இயல்பாக இருந்து கண்கள் துருத்தி மேல்தாடை உள்வாங்கியிருந்தால் க்ரூசான் என்று சந்தேகிக்க வேண்டும். இவை சிண்ட்ரோம்கள், அதாவது தலையோடு முகம், கைகால் போன்றவற்றையும் சேர்த்துப் பாதிக்கும் மரபணுக் கோளாறுகள். இரு கரோனலும் மூடியிருந்தாலோ குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோ எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, ட்விஸ்ட்1 மரபணுப் பரிசோதனை தேவை. தாய் தந்தையரில் ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆபரேஷன் அழகுக்காக மட்டுமா

பெற்றோர் மனதில் இருக்கும் முதல் கேள்வி இதுதான், நேர்மையாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வியும் இதுதான். ஒரு பொருத்து மட்டும் மூடியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் வாய்ப்பு நூறு குழந்தைகளில் சுமார் 10 முதல் 20 பேருக்கு. பல பொருத்துகள் மூடியிருந்தால் பாதிப்பேர் வரை. அழுத்தம் நீடித்தால் பார்வை போகலாம், அது திரும்பாது. அழுத்தம் இல்லாத குழந்தைகளில் ஆபரேஷனுக்கான காரணம் பெரும்பாலும் வடிவம். வடிவமும் சின்ன விஷயம் இல்லை. நாளை பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தை தன் முகத்தோடுதான் உட்காரப்போகிறது. மிக லேசான கோணல் என்றால் ஆபரேஷன் செய்யாமல், கண் பரிசோதனையோடு கவனித்து வருவதும் முறையான முடிவே. ஆபரேஷன் செய்தால் படிப்பு நன்றாக வரும் என்று யாரும் உறுதி கொடுக்கக் கூடாது.

எந்த வயதுக்கு எந்த ஆபரேஷன்

3 மாதத்துக்குள்: எண்டோஸ்கோப் (சின்ன வெட்டு வழியே நுழைக்கும் கேமராக் குழாய்) வழியே மூடிய பொருத்தை எடுத்துவிட்டு ஹெல்மெட் போடுவது. 1990களில் ஹிமெனஸ், பரோன் என்ற டாக்டர்கள் அமெரிக்காவில் கொண்டுவந்த முறை. 4 மாதம் வரை நன்றாக வரும், 6 மாதத்துக்கு மேல் பலன் குறைந்துவிடும். காரணம் எளிது: இந்த முறையில் தலையைத் திருத்துவது டாக்டர் இல்லை, குழந்தையின் மூளை. அதன் வேகமான வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் காலம் அது மட்டும்தான். எலும்பும் அப்போது அட்டை போல மெல்லியது.

3 முதல் 6 மாதம்: சாஜிட்டலுக்கு ஸ்பிரிங். ஸ்வீடனின் கோத்தன்பர்கில் லாரிட்சன் என்ற டாக்டர் தொடங்கியது. பொருத்தை வெட்டி, இரண்டு எஃகு ஸ்பிரிங்குகளைக் குறுக்கே வைத்துவிடுவார்கள். அவை மெல்ல மெல்ல விரிக்கும். ஹெல்மெட் தேவையில்லை. சில மாதம் கழித்து ஸ்பிரிங்கை எடுக்க இரண்டாவது சின்ன ஆபரேஷன் உண்டு.

6 முதல் 12 மாதம்: திறந்த ஆபரேஷன். நெற்றியும் கண்குழி விளிம்பும் திருத்த வேண்டிய மெட்டோபிக், கரோனல் குழந்தைகளுக்குப் பல மையங்கள் 9 மாதத்தை ஒட்டிய காலத்தை விரும்புகின்றன. அதற்கு முன் எலும்பு மெலிந்து, பொருத்திய இடத்தில் நிற்காது, திருத்திய நெற்றி வளர்ச்சியில் பின்தங்கிவிடும். ஒரு வயதைத் தாண்டினால் வேறொரு இழப்பு: மூளையுறை புது எலும்பு உண்டாக்கும் சக்தி குறைகிறது. 9 மாதத்தில் எலும்புகளுக்கு நடுவே விட்ட இடைவெளி தானாக நிரம்பும். இரண்டு வயதில் விட்ட இடைவெளி ஓட்டையாகவே நின்றுவிடலாம்.

சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு வரிசையே வேறு. முதலில் மூச்சு, பிறகு கண், பிறகு மூளை, கடைசியாகத்தான் வடிவம். இமை மூடாமல் கருவிழி காய்ந்தால் அது அன்றே கவனிக்க வேண்டிய அவசரம். முதல் வருடத்தில் பிடரிப் பக்க மண்டையை விரிவாக்குவார்கள். அதற்கு, எலும்பை மெல்ல விலக்கும் டிஸ்ட்ராக்டர் கருவி வைத்தால், சில நாள் காத்திருந்து, பிறகு நாளுக்கு 1 மி.மீ. வீதம் திருகி 20 முதல் 30 மி.மீ. வரை நகர்த்தி, எலும்பு இறுக இரண்டு மூன்று மாதம் விட்டு எடுப்பார்கள். நடுமுகத்தை முன்னகர்த்துவது பொதுவாகப் பள்ளி வயதில்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

6 கிலோ குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தம் கிலோவுக்கு 80 மி.லி. என்ற கணக்கில் 480 மி.லி. அதில் 100 மி.லி., அதாவது ஒரு சின்ன டம்ளர் அளவு, போனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு லிட்டர் போனதற்குச் சமம். தயாரிப்பு முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றியே நடக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹீமோகுளோபின் இயல்பாகவே தாழ்ந்திருக்கும், எண்டோஸ்கோப் ஆபரேஷன் வருவதும் அதே நேரம். எனவே தேதி குறித்த உடனே ஹீமோகுளோபின் பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் இரும்புச்சத்துச் சொட்டு தொடங்க வேண்டும். முந்தின வாரம் கொடுத்துப் பயனில்லை.

ரத்ததானம் பற்றி ஒரு முக்கியமான விஷயம். "என் ரத்தத்தையே என் பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று அப்பா கேட்பது இயல்பு. நெருங்கிய ரத்த உறவினரின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் போகலாம். அவை குழந்தையின் திசுக்களையே தாக்கும். அரிது, ஆனால் வந்தால் உயிர் பிழைப்பது கடினம். கதிர்வீச்சு செலுத்தித் தயாரித்தால் தவிர, உறவினர் ரத்தத்தை நேராக ஏற்றக் கூடாது. அப்பா ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், அது வேறொரு நோயாளிக்குப் போகும்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் மறைக்காதீர்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கிறோம், லீவு போட்டாயிற்று என்பதற்காகச் சொல்லாமல் விட்டால், மயக்கத்தில் மூச்சுக்குழல் இறுகி ஆபத்தாகும். தடுப்பூசித் தேதிகளையும் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டினி கணக்கு: புட்டிப்பால், மாட்டுப்பால், கஞ்சி 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம், சில மையங்கள் தண்ணீரை ஒரு மணி நேரம் வரை விடுகின்றன. காலையில் பால் கொடுக்கவேண்டிய கடைசி நேரத்தைக் கடிகார மணியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில் கேட்கவேண்டியவை: நரம்பு அறுவை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து செய்கிறார்களா, குழந்தைகளுக்கான மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, குழந்தைகள் ஐ.சி.யு. அதே கட்டடத்தில் உண்டா, வருடத்துக்கு எத்தனை செய்கிறார்கள். ஹெல்மெட் முறை என்றால், அளவெடுத்துச் செய்பவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் எண்டோஸ்கோப் ஆபரேஷன் மட்டும் செய்வது அரைவேலை.

தியேட்டருக்குள் நடப்பது: திறந்த ஆபரேஷன்

மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் வைத்த பின், இரண்டு தடித்த ஊசிகள், ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்டும் தமனிக் குழாய், சிறுநீர்க் குழாய். உடல் குளிராமல் வெந்நீர் மெத்தையோ சூடான காற்றுப் போர்வையோ. டிரானெக்சாமிக் ஆசிட் என்ற ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தை முதலில் கிலோவுக்கு 10 முதல் 50 மி.கி. வரை மையத்தின் வழக்கப்படி கொடுத்து, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. அளவில் தொடர்ந்து செலுத்துவார்கள். இது வந்த பின் ரத்தம் ஏற்றும் தேவை தெளிவாகக் குறைந்தது. கண்களுக்குக் களிம்பிட்டு மூடுவார்கள்.

வெட்டுக்கோடு ஒரு காதின் பின்னிருந்து உச்சி வழியே மறு காது வரை, நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போகும். நேர்க்கோடாக வெட்டினால், தலை நனையும்போது முடி அந்தத் தழும்பில் வகிடு எடுத்துப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். வளைந்த கோட்டின் மேல் முடி குறுக்காக விழுந்து மறைத்துவிடும். முழுத் தலையையும் மழிக்கத் தேவையில்லை. வெட்டும் இடத்தில் அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தைச் செலுத்திச் சில நிமிடம் காத்திருப்பார்கள். ரத்தம் அதிகம் போகும் கட்டம் தோலைத் திறக்கும்போதும் எலும்பை எடுக்கும்போதும்தான்.

நெற்றித் திருத்தத்தில், நெற்றி எலும்பை ஒரு துண்டாக வெட்டி எடுப்பார்கள். மூளையுறையை எலும்பிலிருந்து மெல்ல உரித்துத்தான் அறுக்கும் கருவி போக வேண்டும். அடுத்து கண்குழிகளின் மேல்விளிம்பு, ஒன்று ஒன்றரை செ.மீ. உயரப் பட்டையாக, மூக்குவேரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பிரித்து எடுக்கப்படும். முக்கோண நெற்றி என்றால் இந்தப் பட்டையின் நடுவே உள்பக்கம் கீறி, பச்சைக் குச்சியை வளைப்பது போல விரித்து அகலமாக்குவார்கள். கரோனல் என்றால் தட்டையான பக்கத்தை ஒரு செ.மீ.க்கு மேலும் முன்னே கொண்டுவருவார்கள். சரியான அளவுக்கு நிறுத்தாமல் சற்றுக் கூடுதலாகவே திருத்துவது வேண்டுமென்றே. வளர்ச்சியில் கொஞ்சம் பின்வாங்கும் என்பது தெரிந்த விஷயம். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் நெற்றி "ரொம்பத் துருத்தியிருக்கிறதே" என்று தோன்றினால் பயப்பட வேண்டாம்.

எலும்புத் துண்டுகளை நிறுத்துவது கரையும் பிளேட்டும் ஸ்க்ரூவும். பாலிலாக்டிக், பாலிகிளைகாலிக் அமிலங்களால் ஆனவை, வகையைப் பொறுத்து ஒரு வருடமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும்போது கரைந்துவிடும். உலோகம் ஏன் கூடாது என்றால், குழந்தையின் மண்டை வெளிப்பக்கம் எலும்பு படிந்தும் உள்பக்கம் கரைந்தும் வளர்கிறது. வெளியே வைத்த உலோகத் தகடு சில வருடங்களில் எலும்புக்குள் புதைந்து மூளைப் பக்கம் எட்டிப் பார்க்கும். திறந்த ஆபரேஷனுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை ஆகலாம்.

எண்டோஸ்கோப் முறையில் உச்சிக்குழிக்குச் சற்றுப் பின்னும் பிடரிக்கு முன்னும் 2, 3 செ.மீ. நீள இரண்டு வெட்டுகள் மட்டும். அவற்றின் வழியே மூடிய பொருத்து நீளவாக்கில் பட்டையாக எடுக்கப்படும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒன்றிரண்டு நாளில் வீடு.

தவறக்கூடியவையும் காரணங்களும்

சாஜிட்டல் பொருத்துக்கு நேர்கீழே மூளையின் பெரிய சிரை ஓடுகிறது. அது கிழிந்தால் நிமிடங்களில் ரத்தம் போகும். அதனால்தான் குழந்தையின் ரத்தத்தோடு சேருமா என்று சோதித்துப் பார்த்த ரத்தம் தியேட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். தலை இதயத்தை விட உயர்ந்திருக்கும்போது திறந்த சிரை வழியே காற்று உறிஞ்சப்படலாம். காயத்தை நீரால் நனைத்து, தலையைத் தாழ்த்திச் சமாளிப்பார்கள். மூளையுறை கிழிந்தால் அங்கேயே தைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிறகு காயத்தில் தெளிந்த நீர் கசியும், தொற்று ஏறும். அனுபவமுள்ள மையங்களில் மரணம் நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. கையெழுத்துப் போடும் முன் இதை அறிந்திருப்பது பெற்றோரின் உரிமை.

பின்னாளில் வரக்கூடியவை: நெற்றிப்பொட்டு குழிவது, நிரம்பாத எலும்பு இடைவெளி, பிளேட் கரையும் காலத்தில் தோலுக்கடியில் சிவந்த சிறு புடைப்பு (பெரும்பாலும் தானாக அடங்கும்), பொருத்து மறுபடி மூடி அழுத்தம் கூடுவது.

முதல் ஐந்து நாட்கள்

ஐ.சி.யு.வில் ஓர் இரவு. ஹீமோகுளோபினையும் சோடியத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கசிவு வெளியே தெரியாமல் கட்டுக்குள்ளேயே தொடரலாம். படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தியிருக்கும்.

பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது வீக்கம். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று முகம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கி இமைகளை மூடிவிடும். உதடு வரை உப்பி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. குழந்தை கண் திறக்க முடியாமல் மிரண்டு அழும். பேசிக்கொண்டே தொடுங்கள், பேசாமல் தொட்டால் தூக்கிவாரிப்போடும். அம்மாவின் குரலும் வாசனையும் கிடைத்தால் கண் மூடியபடியே மார்பைத் தேடிக் குடிக்கும். மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் ஒரு கண் கோடாகத் திறக்கும். அதற்குள் இமையை விரலால் பிரிக்க முயலாதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். முதல் நாளுக்கு அதைவிட வலுவான மருந்தும் தேவைப்படும். வலிக்கிறது என்றால் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல் தொற்று இல்லாமலும் வரும். திறந்த ஆபரேஷனுக்கு நான்கைந்து நாளில் வீடு.

வீட்டுக்குப் போன பின் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே திரும்பி வாருங்கள்: காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலக் கசிவு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயம் சிவந்து நாற்றம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பது, உட்காரவைத்து அமைதியாக இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருப்பது. காயத்தில் எண்ணெய், மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து குழந்தை ஷாம்புவால் மெல்லக் கழுவினால் போதும். தலையை உருட்டி விடுவது அறவே கூடாது.

ஹெல்மெட் மாதங்கள்

எண்டோஸ்கோப் முடிந்த ஒரு வாரத்தை ஒட்டி முதல் ஹெல்மெட். நாளுக்கு 23 மணி நேரம். கழற்றும் ஒரு மணி நேரம் குளிக்கவும் ஹெல்மெட்டைத் துடைக்கவும். பத்துப் பன்னிரண்டு மாத வயது வரை போகும், தலை வளர வளர இரண்டு மூன்று ஹெல்மெட் மாறும். முதல் சில நாள் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பழக்குவார்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள்: சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் சரி, மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தம், செய்தவரிடம் காட்டிச் செதுக்க வேண்டும். நீங்களே பஞ்சு வைத்துச் சரிசெய்தால் திருத்தும் விசை இடம் மாறிவிடும். நம் ஊர் வெயிலில் வியர்வைக்குரு வந்துவிட்டால் பலர் மாதக்கணக்கில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், அத்தோடு ஆபரேஷனின் பலனும் போகிறது. மின்விசிறி, பருத்திச் சட்டை, வியர்வையைத் துடைத்து உலரவிட்டு மாட்டுவது இவற்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பவுடர், எண்ணெய் வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகான வருடங்கள்

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடம் ஒருமுறை. குறைந்தது ஏழெட்டு வயது வரை. வடிவம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் தலைச்சுற்றளவு வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், விழித்திரை பார்க்கப்பட வேண்டும். சுற்றளவுக் கோடு தட்டையானாலோ, காலையில் தலைவலி வாந்தி என்று பெரிய குழந்தை சொன்னாலோ, பள்ளியில் திடீரென்று பின்தங்கினாலோ அழுத்தத்தைத் தேட வேண்டும். ஒரு பக்கக் கரோனல் குழந்தைகளுக்கு மாறுகண் அதிகம். கண்ணாடியோ கண் ஆபரேஷனோ தேவைப்படலாம். பேச்சு தாமதமானால் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள்.

ஒரு ஃபைலில் இவை எப்போதும் இருக்கட்டும்: பிறந்த நாள் முதல் மேலிருந்து எடுத்த போட்டோக்கள், சி.டி. ஸ்கேனின் டிஸ்க் (பிலிம் மட்டும் போதாது), எந்தப் பொருத்து, என்ன ஆபரேஷன், என்ன பிளேட் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கம், ஏற்றிய ரத்தத்தின் விவரம், மரபணு அறிக்கை, கண் பரிசோதனைத் தேதிகள். எலும்பு இடைவெளி இன்னும் நிரம்பவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், அது எந்த இடம் என்பதை ஒரு படமாக வரைந்து வாங்கி பால்வாடி டீச்சரிடம் ஒரு பிரதி கொடுத்துவைங்கள்.